வலது காது

எரிவாயு எடுக்க எடுக்க
எங்கள் ஊர் இறங்கிக்கொண்டிருக்கிறது.
க்ரோனிங்கன் சமவெளியில் இதெல்லாம் செய்தியல்ல.
ஜனவரியில் ஒரு நடுக்கம்,
கோவிலின் வடசுவரில் விரிசல்,
விரிசலுக்குள் ஒரு நீலம்.

நானூறு வருடச் சுண்ணாம்பு.
போகுமில் எண்ணினான்: பதினேழு பூச்சு.
கத்தி முனையால் உரித்தான்
வெங்காயம்போல,
கண்ணில் நீர் வராமல்.

போலந்துக்காரன். சுவர் வைத்தியன்.
"மாதா" என்றான்.
"மரியாள்" என்றேன்.
நான் ஹில்யா. இந்தக் கோவிலின் சாவி, துடைப்பம்,
வெந்நீர்க் குழாய் என் பொறுப்பு.
அவன் இரண்டெழுத்தில் கூப்பிட்டவளை
நான் நாலெழுத்துத் தள்ளி நிறுத்தினேன்.

எங்களுக்கு அவள் டிசம்பர் மாதத்துப் பெண்.
இருபத்தேழாம் தேதி பழைய நாளிதழ் சுற்றி
அட்டைப்பெட்டியில் நானே வைப்பேன்,
கழுதைக்குப் பக்கத்தில்.
அவனுக்கோ வேனின் வேகமுள்ளுக்கு மேலே
காந்தம் ஒட்டி வருடம் முழுக்க நிற்கிறாள்.
நூற்றிருபதைத் தாண்ட விடமாட்டாளாம்.

முகம் இல்லை.
பூசுவதற்கு முன்பே யாரோ சுரண்டியிருக்கிறார்கள்.
யாரோ என்ன, என் முன்னோர்தான்.
உளி போன திசையைத் தடவிப் பார்த்து
"இடதுகைக்காரர்" என்றான்.
என் அப்பா இடதுகை. நானும்.
துடைப்பத்தைக் கை மாற்றிக்கொண்டேன்.

தப்பித்தது ஒரு காது.
முக்காட்டின் ஓரம், ஒரு முடிச்சுருள்,
வலது காது.

மூப்பர் ஹார்மன்னுஸ் கண்ணாடி மாட்டிப் பார்த்தார்.
"நல்ல பெண். தேவன் கேட்டார், சரியென்றாள்.
அதற்குமேல் ஏணி போடாதே.
பிள்ளை அப்பனிடம் போக
ஆள் பிடிக்க வேண்டுமா?"

ஏணியிலிருந்து இறங்காமலே போகுமில்:
"எங்கள் வீட்டில்
அப்பாவிடம் கேட்க வேண்டியதை
அம்மா காதில் போடுவோம்.
அப்பாவுக்கும் அது தெரியும்."

"எங்கள் வீட்டில் அம்மா
'நீயே போய்க் கேள்' என்பாள்."

இருவருடைய தாயும் இறந்தாயிற்று.
யாரிடம் கேட்டு முடிப்பது இதை?

கானா ஊர்க் கல்யாணம் வந்தது பேச்சில்.
"அங்கே அவளைத் தள்ளி வைத்துத்தானே பேசினார்?"
"பேசினார். பிறகு செய்தார்.
கவனித்தீர்களா, அவள் கேட்கவே இல்லை.
ரசம் தீர்ந்ததென்று சொன்னாள்,
அவ்வளவுதான்."

வியாழக்கிழமை, அகதிகள் விடுதியிலிருந்து
லெதெப்ரஹான் வந்தாள், எரித்திரேயப் பெண்.
அந்தக் குளிர்க் கல்லில் செருப்பைக் கழற்றினாள்.
வெள்ளைத் துணியைத் தலைக்கு இழுத்து
நெற்றி தரையில் பட்டு எழுந்தாள்.
எங்கள் வழக்கை அவளுக்கு விளக்க ஆளில்லை.
உடைந்த டச்சில் ஒன்றே கேட்டாள்:
"இவ்வளவு நாள் யார் ஒளித்து வைத்தது,
பத்திரமாக?"
மூடியது என்ற சொல் தெரியாதா,
தெரிந்தேதான் மாற்றினாளா?

சபைக் கூட்டம். ஐந்துக்கு நான்கு.
மறுபடியும் வெள்ளை.
உள்ளங்கை அளவு மட்டும் திறந்திருக்கலாம்,
ஆராய்ச்சிக்காக.
எந்த இடம் என்றதும்
மூப்பரே காதைக் காட்டினார்.
"வார்த்தையைக் கேட்ட காது. அது இருக்கட்டும்."
சுண்ணாம்பு குழைத்தபடி போகுமில்:
"கேட்ட காதா, கேட்கிற காதா என்று
பக்கத்தில் எழுதப்போவதில்லையே?"
"இல்லை."
"அப்படியானால் சரி."

மார்ச்சில் அவன் போனான்.
வேன் நூற்றிருபதைத் தாண்டியிருக்காது.

நேற்று சனிக்கிழமை.
பெஞ்சுகளுக்கடியில் பெருக்கினேன்.
பாட்டுப் பலகையில் எண்கள் மாட்டினேன்.
விளக்கணைக்கும் முன் வடசுவரோரம் நின்று
ஹீட்டர் ஓடவில்லை என்றேன்.
நாளைக்கு வயதானவர்கள் வருவார்கள் என்றேன்.

ஜெபம் அல்ல.
இல்லாததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

பூட்டிவிட்டு
யாராவது கேட்டார்களா என்று
தெருவைப் பார்த்தேன்.